பட்டனில் ஒரு தட்டு, இரண்டு தட்டு: டெஸ்க்டாப் புரோகிராம் எழுத வருபவர்களுக்கு

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பைத்தானில், ஜன்னலும் பட்டனும் உண்டாக்கித் தரும் டிகிண்டர் என்ற கருவியை வைத்து எழுதியது. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று ஒரு பட்டியல் இருக்கும். எடையைப் போட்டால் தொகை வரும். கீழே ‘பில் போடு’ என்று பெரிய பட்டன். வீட்டில் வைத்துப் பல தடவை ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. கடையில் வைத்த இரண்டாம் நாள் கல்லாவில் உட்காரும் ஆச்சி போன் செய்தார்கள். “தம்பி, நான் ஒரு தடவைதான் அமுக்குறேன், ரெண்டு சீட்டு வருது. சரக்கும் ரெண்டு தடவை கழிஞ்சுபோகுது. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போப்பா.”

போய் அவர்கள் பின்னால் நின்று பார்த்தேன். விரல் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டியது. ஆச்சியைப் பொறுத்தவரை அது ஓர் அமுக்கல்தான். கம்ப்யூட்டர் பழக்கிவிட்டவர், எதைத் திறக்கவும் இரண்டு தட்டு என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார். ஃபோல்டருக்கு அது சரி. ஆச்சி அதையே பட்டனுக்கும் மெனுவுக்கும் செய்தார்கள். அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. இரண்டு தட்டு வந்தால் என்ன ஆகும் என்று எழுதும்போதே நான் பார்த்திருக்க வேண்டும்.

புதிதாக எழுத வருபவர்கள் ‘பட்டனில் டபுள் கிளிக்கை எப்படிப் பிடிப்பது?’ என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதற்கும் வழி சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் எழுதிய பட்டனை ஒருவர் டபுள் கிளிக் செய்தால் என்ன நடக்கும்? பட்டன் மேல் விழும் டபுள் கிளிக் பெரும்பாலும் கைப்பழக்கத்தில் விழுவது. தனியாக ஒரு கட்டளை கொடுக்கிறோம் என்று நினைத்து யாரும் தட்டுவதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

ஒரு கிளிக்குக்குள் என்ன இருக்கிறது

விரலை அழுத்துவது ஒரு செய்தி, எடுப்பது இன்னொரு செய்தி. பட்டன் மேல் அழுத்தி, அதே பட்டன் மேல் விரலை எடுத்தால்தான் அது கிளிக். இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தபடி மவுஸை வெளியே இழுத்துப்போய் விரலை எடுங்கள், ஒன்றும் நடக்காது. தவறாக அழுத்தியவர் மனம் மாறிக்கொள்ள இருக்கும் வசதி அது. நீங்கள் ‘அழுத்தினால்’ என்ற செய்தியைப் பிடித்து எழுதினால் இந்த வசதியைப் பறித்துவிடுவீர்கள். அதனால் பட்டனுக்கு எப்போதும் ‘கிளிக்’ என்பதையே பிடியுங்கள்.

இரண்டு அழுத்தல்கள் நேரத்திலும் இடத்திலும் நெருக்கமாக வந்தால் டபுள் கிளிக். எவ்வளவு நெருக்கம் என்பதை விண்டோஸ் தானே வைத்திருக்கிறது. யாரும் மாற்றாமல் இருந்தால் 500 மில்லி விநாடி, அதாவது அரை விநாடி. இடத்துக்கும் எல்லை உண்டு: முதல் தட்டு விழுந்த இடத்தைச் சுற்றி 4 பிக்சல் அகல உயரமுள்ள சின்னக் கட்டம். கை நடுங்கி மவுஸ் அதைத் தாண்டி நகர்ந்துவிட்டால் இரண்டும் தனித்தனிக் கிளிக்காகிவிடும். கன்ட்ரோல் பேனலில் மவுஸ் பகுதிக்குப் போனால் டபுள் கிளிக் வேகத்தை மாற்றும் ஸ்லைடரும், பக்கத்தில் சோதித்துப் பார்க்க ஒரு ஃபோல்டர் படமும் இருக்கும். வயதானவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் அதை மெதுவான பக்கம் நகர்த்தி வைத்திருப்பார்கள். ஆகவே 500 என்ற எண்ணை நீங்களாக எழுதிவிடாதீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் என்ன வைத்திருக்கிறார்களோ அதைக் கேட்டு வாங்குங்கள். விண்டோஸில் அதற்கென்றே ‘கெட் டபுள் கிளிக் டைம்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

அடுத்து வருவதுதான் புதியவர்கள் தவறவிடும் இடம். முதல் தட்டு விழும்போது, இரண்டாவது வரப்போகிறதா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக அது காத்திருப்பதும் இல்லை. முதல் தட்டை உடனே உங்கள் புரோகிராமிடம் கொடுத்துவிடும். விண்டோஸின் அடிமட்டத்தில் ஒரு டபுள் கிளிக் இப்படி வரும்: அழுத்தம், விடுப்பு, டபுள் கிளிக், விடுப்பு. இரண்டாவது அழுத்தத்தின் இடத்தில்தான் டபுள் கிளிக் என்ற செய்தி வருகிறது. முதல் அழுத்தமும் விடுப்பும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. அதாவது, டபுள் கிளிக் வருகிறது என்றால் அதற்கு முன்னால் ஓர் ஒற்றைக் கிளிக் நடந்து முடிந்திருக்கிறது. ஒற்றைக் கிளிக்கில் ‘அழித்துவிடு’ என்றும் டபுள் கிளிக்கில் ‘திற’ என்றும் எழுதினால், அழித்த பிறகு திறக்கப் போவீர்கள்.

கண்ணால் பார்த்துவிடுங்கள்

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பத்து வரியில் ஒரு சோதனை எழுதிப் பார்த்துவிடுங்கள். டிகிண்டரில் ஒரு ஜன்னல், அதில் ஒரே ஒரு பட்டன். அந்தப் பட்டனுக்கு மூன்று காரியங்களை இணையுங்கள் (‘ஈவென்ட்’ என்பது வந்து சேரும் செய்தி, ‘பைண்ட்’ என்பது அந்தச் செய்திக்கு ஒரு ஃபங்ஷனை இணைப்பது, ‘பட்டன்-1’ என்பது மவுஸின் இடது பொத்தான்):

‘கமாண்ட்’ என்ற இடத்தில் → “கிளிக்” என்று அச்சிடும் ஃபங்ஷன்
‘பட்டன்-1’ ஈவென்டுக்கு பைண்ட் → “அழுத்தம்” என்று அச்சிடும் ஃபங்ஷன்
‘டபுள்-பட்டன்-1’ ஈவென்டுக்கு பைண்ட் → “இரட்டை” என்று அச்சிடும் ஃபங்ஷன்

ஓட்டிவிட்டு ஒரு தடவை டபுள் கிளிக் செய்யுங்கள். திரையில் வருவது:

அழுத்தம்
கிளிக்
இரட்டை
கிளிக்

இந்த நான்கு வரியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு உதவும். ‘கிளிக்’ இரண்டு முறை வந்திருக்கிறது. ஆச்சிக்கு இரண்டு சீட்டு வந்த காரணம் அதுதான். இரண்டாம் அழுத்தத்துக்கு ‘அழுத்தம்’ வரவில்லை, அதன் இடத்தில் ‘இரட்டை’ வந்தது. பட்டன் போன்ற ஒரு விட்ஜெட்டில் டிகிண்டர், பொதுவான பைண்டும் குறிப்பான பைண்டும் ஒரே செய்திக்குப் பொருந்தினால், குறிப்பானதை மட்டும் கூப்பிடும். ஆனால் ‘கமாண்ட்’ அந்தக் கணக்கில் வராது. அது தன் வழியில் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஓடும்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். பட்டனின் நிலையை ‘டிசேபிள்ட்’ ஆக்கிவிட்டுத் தட்டிப் பாருங்கள். ‘கமாண்ட்’ ஓடாது. பைண்ட் செய்தவை மட்டும் அப்போதும் ஓடும்! பட்டன் சாம்பல் நிறத்தில் இருக்கிறதே, பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். பட்டனின் வேலையை ‘கமாண்ட்’ வழியாகவே கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஸ்பேஸ் பாரை அழுத்தினாலும் ‘கமாண்ட்’ ஓடும், மவுஸ் பைண்ட் ஓடாது என்பதும் ஒரு காரணம்.

ஒரு சின்னத் தகவல்: பைத்தான் 3-ல் ஃபங்ஷன் பெயரையும் வேரியபிள் பெயரையும் தமிழிலேயே வைக்கலாம். தொடக்கத்தில் இப்படி எழுதிப் பழகியது எனக்கு மிகவும் உதவியது. எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று பார்த்தவுடன் பிரிந்து தெரியும்.

மற்ற கருவிகளில்

நீங்கள் டிகிண்டர் இல்லாமல் வேறு ஒன்றில் எழுதலாம். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில் பட்டனுக்கு டபுள் கிளிக் ஈவென்ட் இயல்பாக வராது. டிசைனர் பட்டியலில் அது காணப்படாது, கோடில் நீங்களே இணைத்தாலும் ஓடாது. இரண்டு தட்டு விழுந்தால் ‘கிளிக்’ இரண்டு முறை வரும், அவ்வளவுதான். வேண்டுமென்றால் பட்டன் கிளாஸிலிருந்து உங்கள் சொந்தக் கிளாஸ் ஒன்றை உண்டாக்கி, ‘ஸ்டாண்டர்ட் கிளிக்’, ‘ஸ்டாண்டர்ட் டபுள் கிளிக்’ என்ற இரண்டு கன்ட்ரோல் ஸ்டைல்களையும் ‘செட் ஸ்டைல்’ வழியாக இயக்க வேண்டும். அதன் பிறகு முதல் தட்டுக்கு ‘கிளிக்’, இரண்டாம் தட்டுக்கு ‘டபுள் கிளிக்’ என்று வரும். விண்டோஸ் நேரடியாகத் தரும் ஃபங்ஷன்களான அடிமட்ட ஏபிஐயில் எழுதுபவர்கள், விண்டோ கிளாஸைப் பதிவு செய்யும்போதே டபுள் கிளிக் வேண்டும் என்ற ஸ்டைலைக் கொடுத்தால்தான் அந்தச் செய்தி வரும். பழைய விஷுவல் பேசிக் 6-ல் கமாண்ட் பட்டனுக்கு டபுள் கிளிக் ஈவென்டே கிடையாது.

கியூட்டி என்ற கருவியிலும் இதே கதை. புஷ் பட்டனுக்கு ‘கிளிக்ட்’ என்ற சிக்னல் உண்டு, டபுள் கிளிக்குக்குத் தனிச் சிக்னல் இல்லை. பட்டியல், அட்டவணை போன்றவற்றுக்கு உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் எழுதிய இத்தனை கருவிகளும் பட்டனுக்கு டபுள் கிளிக்கை வேண்டாம் என்றே வைத்திருக்கின்றன. பட்டன் ஒரே தட்டில் வேலை செய்ய வேண்டிய பொருள்.

ஜாவா மொழியின் ஸ்விங் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வசதி இருக்கிறது. பட்டனிடம் ‘இத்தனை மில்லி விநாடிக்குள் மறுபடி கிளிக் வந்தால் கண்டுகொள்ளாதே’ என்று நேரடியாகவே சொல்லிவிடலாம். மல்டி கிளிக் த்ரெஷ்ஹோல்டு என்று அந்த மெத்தடுக்குப் பெயர். ஆங்கிலத்தில் த்ரெஷோல்டு என்ற சொல்லுக்கு நடுவில் ஒரே ஒரு ‘எச்’தான். மெத்தட் பெயரிலோ இரண்டு ‘எச்’ விழுந்துவிட்டது. சரியான எழுத்துக்கூட்டில் தேடினால் கிடைக்காது, இரண்டு போட்டு எழுதுங்கள். சொல்லாமல் விட்டால் அதன் மதிப்பு 0, அதாவது எல்லாக் கிளிக்கும் உள்ளே வரும். மவுஸ் செய்திகளை நேரடியாகக் கையாளும்போது ‘கெட் கிளிக் கவுன்ட்’ 1, 2, 3 என்று எண்ணிக் கொடுக்கும். ‘2-க்குச் சமமா’ என்று கேளுங்கள். ‘2 அல்லது அதற்கு மேலா’ என்று கேட்டால் மூன்று தட்டுத் தட்டுபவருக்கு வேலை இரண்டு முறை நடக்கும்.

ஆச்சியின் பட்டனைச் சரிசெய்தது எப்படி

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். பார்க்க எளிதாக இருக்கும், உள்ளே இரண்டு மூன்று பள்ளங்கள் உண்டு.

கிளிக் வந்த உடனே பட்டனை முடக்கிவிட்டு, வேலை முடிந்ததும் திறந்துவிடலாம் என்று நான் முதலில் எழுதினேன்:

பில் போடு:
    பட்டனை முடக்கு
    பில்லைச் சேமி
    பிரின்டருக்கு அனுப்பு
    பட்டனைத் திற

படிக்கும்போது சரியாகத்தான் தெரிகிறது. ஓட்டிப் பார்த்தால் மறுபடியும் இரண்டு சீட்டு. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. சேமிப்பதும் அச்சிடுவதும் நடக்கும்போது, வரும் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் ஈவென்ட் சுழற்சி நின்றுபோயிருக்கிறது. அந்த நேரத்தில் விழுந்த இரண்டாவது தட்டு தொலைந்துபோவதில்லை. வாசலில் வரிசையில் நிற்கிறது. வேலை முடிகிறது, நாம் பட்டனைத் திறக்கிறோம், ஃபங்ஷன் முடிகிறது. அப்புறம்தான் வரிசையில் நின்ற தட்டு உள்ளே வருகிறது. அப்போது பட்டன் திறந்திருக்கிறதே! முடக்கியதால் ஒரு பயனும் இல்லாமல் போயிற்று.

அதனால் திறப்பதை உடனே செய்யாமல் டைமரிடம் ஒப்படைக்க வேண்டும்:

பில் போடு:
    வேலை நடக்கிறதா? ஆம் என்றால் திரும்பிப் போ
    வேலை நடக்கிறது = ஆம்
    பட்டனை முடக்கு
    பில்லைச் சேமி
    பிரின்டருக்கு அனுப்பு
    600 மில்லி விநாடி கழித்து ‘மறுபடி திற’வைக் கூப்பிடு

மறுபடி திற:
    வேலை நடக்கிறது = இல்லை
    பட்டனைத் திற

அந்த 600 மில்லி விநாடிக்குள் வரிசையில் நின்ற தட்டுகள் எல்லாம் வந்து, மூடிய கதவில் மோதிப் போய்விடும். எதற்கு 600 என்றால், டபுள் கிளிக்கின் வழக்கமான 500-ஐவிடக் கொஞ்சம் கூடுதல். கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கிய இடைவெளியோடு 100 கூட்டி வைத்தால் இன்னும் நல்லது. டிகிண்டரில் இதற்கு ‘ஆஃப்டர்’ போதும், ஒரே ஒரு முறை ஓடும். விண்டோஸ் ஃபார்ம்ஸ் டைமர் தானாக நிற்காது, முதல் டிக்கிலேயே ‘ஸ்டாப்’ சொல்ல வேண்டும். ஸ்விங் டைமரும் அப்படித்தான், திரும்பத் திரும்ப ஓடாதே என்று சொல்லி வையுங்கள். கியூட்டியில் ‘சிங்கிள் ஷாட்’.

தவறியும் ‘ஸ்லீப்’ போடாதீர்கள். அது ஜன்னலையே உறைய வைத்துவிடும். உறைந்த ஜன்னலைப் பார்த்தவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கமாட்டார், இன்னும் நான்கு தட்டுத் தட்டுவார்.

பிரின்டர் மெதுவானது என்றால் அச்சிடும் வேலையை வேறொரு த்ரெட்டில், அதாவது பக்கத்தில் தனியாக ஓடும் இன்னொரு வேலை வரிசையில், ஓடவிடுவது நல்லது. ஆனால் பட்டனைத் திறப்பது, எழுத்தை மாற்றுவது போன்ற திரை சம்பந்தப்பட்ட எதையும் அந்த த்ரெட்டிலிருந்து செய்யக் கூடாது. வேலை முடிந்தது என்ற சேதியை மட்டும் அங்கிருந்து அனுப்பி, திரையைக் கவனிக்கும் மெயின் த்ரெட்டில் திறந்துகொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது ஆச்சிக்கு அது தெரியவும் வேண்டும். பட்டன் மேல் உள்ள எழுத்தை ‘பில் வருகிறது…’ என்று மாற்றி வைத்தேன். எழுத்தை மாற்றிய கையோடு நீண்ட வேலைக்குள் போய்விட்டால் திரை புதுப்பிக்கப்படாது. டிகிண்டரில் ‘அப்டேட் ஐடில் டாஸ்க்ஸ்’ ஒரு வரி சேர்த்தால் எழுத்து மாறுவது தெரியும். இந்த ஒரு வரிக்குப் பிறகு ஆச்சி மூன்றாவது நான்காவது தட்டுத் தட்டுவது தானாகவே நின்றுபோனது. திரை பதில் சொல்கிறது என்று தெரிந்தால் கை அமைதியாகிவிடுகிறது.

இவ்வளவும் திரைப் பக்கத்துப் பாதுகாப்பு. கணக்குப் பக்கமும் ஒரு பூட்டு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் ஊர்ப் பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் ஒரு வரி இரண்டு தடவை ஏறிவிட்டால் ஐந்தொகை போடும்போது பிடித்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் பில்லும் சரக்கும் சேர்ந்தே இரண்டு தடவை ஏறுவதால் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகும். தேன்குழல் டப்பாவை எடைபோட்டுப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் பில் எண்ணை எங்கே உண்டாக்குகிறீர்கள் என்று பாருங்கள். நான் பட்டனை அமுக்கியதும் புது எண் வருவதாக எழுதியிருந்தேன். இரண்டு தட்டுக்கு இரண்டு எண்கள் வந்தன, இரண்டுமே செல்லும் பில்லாகிவிட்டன. பிறகு மாற்றினேன். புது பில் பக்கம் திறக்கும்போதே எண் வந்துவிடும், பட்டன் அந்த எண்ணைச் சேமிக்க மட்டும் செய்யும். டேட்டாபேஸில் பில் எண் நெடுவரிசைக்கு ‘யுனிக்’ போட்டுவிட்டேன். இப்போது எந்த வழியாக இரண்டாவது முறை வந்தாலும் அதே எண் என்று டேட்டாபேஸே திருப்பி அனுப்பிவிடும். சரக்குக் கழிப்பதையும் அதே டிரான்ஸாக்ஷனுக்குள் வைத்துவிடுங்கள். பில் ஏறவில்லை என்றால் சரக்கும் கழியக் கூடாது.

ஒற்றைக்கு ஒன்று, இரட்டைக்கு ஒன்று வேண்டுமென்றால்

சில இடங்களில் டபுள் கிளிக் நன்றாகப் பொருந்தும். ஆத்தங்குடிக் கல் செய்யும் ஒரு பட்டறைக்கு நண்பர் ஒருவர் எழுதிய புரோகிராமைச் சொல்கிறேன். அந்தக் கல்லைச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்துவிடும். கல் வாங்க வருபவர்களின் சிக்கல் என்னவென்றால், ஒரு கல்லைப் பார்த்தால் தரை முழுவதும் எப்படித் தெரியும் என்று தெரியாது. நான்கு கல் சேர்ந்தால்தான் பூ முழுதாகும் என்ற மாதிரி வடிவங்கள் பல உண்டு.

அதனால் இடப்பக்கம் கல் வடிவங்களின் பட்டியல், வலப்பக்கம் ஒரு தரை. ஒரு வடிவத்தின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் தரை முழுவதும் அந்தக் கல் பரவும். இரண்டு தட்டுத் தட்டினால் அது ஆர்டரில் சேரும், எத்தனை கல் வேண்டும் என்ற கணக்கும் வரும். 8 அங்குலச் சதுரக் கல்லாக இருந்தால் 10 அடிக்கு 12 அடி அறைக்கு 15 பெருக்கல் 18, ஆக 270 கல்.

இங்கே டைமர் ஏதும் தேவைப்படவில்லை. டபுள் கிளிக் செய்யும்போது முதல் தட்டில் தரையில் கல் பரவுகிறது, இரண்டாவது தட்டில் ஆர்டரில் சேருகிறது. முதல் வேலை நடந்ததால் ஒரு நட்டமும் இல்லை, சொல்லப்போனால் அதுவும் வேண்டியதுதான். ஃபோல்டரிலும் இதே முறைதான்: ஒரு தட்டுக்குத் தேர்வாகும், இரண்டாவது தட்டுக்குத் திறக்கும். ஒற்றையின் வேலை முன்னால் நடந்தாலும் கெடுதல் இல்லாதபடியும், இரட்டையின் வேலை அதன் தொடர்ச்சியாக இருக்கும்படியும் அமைத்துவிட்டால், இரண்டு ஈவென்டையும் நேரடியாக எழுதிவிட்டுப் போகலாம். வரிசையில் முதலில் எது வருகிறது என்ற கவலையே இல்லை.

டபுள் கிளிக்கில் மட்டும் கிடைக்கும் வேலை என்று எதையும் வைக்காதீர்கள். கீபோர்டில் டபுள் கிளிக் கிடையாது. கை நடுங்குபவர்களால் செய்ய முடியாது. திரையில் அதைச் சொல்லும் அடையாளமும் இருக்காது. நண்பர் அந்தப் பட்டியலுக்குக் கீழே ‘ஆர்டரில் சேர்’ என்று ஒரு சாதாரணப் பட்டனும் வைத்தார். பட்டறைக்காரர் முதல் வாரம் முழுவதும் அந்தப் பட்டனைத்தான் பயன்படுத்தினார், டபுள் கிளிக் பிறகு தானாகப் பழக்கமானது.

காத்திருந்து பிரிப்பது

இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகள், அதுவும் ஒரே பட்டனில், வேறு வழியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதல் தட்டை உடனே நிறைவேற்றாமல் நிறுத்திவைக்க வேண்டும்:

காத்திருப்பு = எதுவும் இல்லை

கிளிக் வந்தால்:
    காத்திருப்பு இருக்கிறதா?
        ஆம்:
            காத்திருப்பை ரத்து செய்
            காத்திருப்பு = எதுவும் இல்லை
            இரட்டைக்குரிய வேலையைச் செய்
        இல்லை:
            காத்திருப்பு = இடைவெளி கழித்து ‘ஒற்றை’யைக் கூப்பிடு

ஒற்றை:
    காத்திருப்பு = எதுவும் இல்லை
    ஒற்றைக்குரிய வேலையைச் செய்

டிகிண்டரில் ‘ஆஃப்டர்’ ஓர் அடையாள எண்ணைத் திருப்பிக் கொடுக்கும், அதை ‘ஆஃப்டர் கேன்சல்’ இடம் கொடுத்தால் ரத்தாகிவிடும். ‘ஒற்றை’யின் முதல் வரியை மறந்துவிடாதீர்கள். மறந்தால் அடுத்து ஐந்து நிமிடம் கழித்து வரும் தட்டும் ‘இரண்டாவது தட்டு’ என்று எடுத்துக்கொள்ளப்படும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒற்றைக் கிளிக் ஒவ்வொன்றும் அரை விநாடி தாமதமாக நடக்கும். நாள் முழுவதும் அமுக்கும் பட்டனில் அரை விநாடி என்பது கையில் உறைக்கும் தாமதம். சரி, இடைவெளியை 200 ஆகக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். குறைத்தால் மெதுவாகத் தட்டுபவர்களின் டபுள் கிளிக் இரண்டு ஒற்றைக் கிளிக்காக மாறிவிடும். அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த இடைவெளியையே வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் பொறுக்க முடியவில்லை என்றால், இரண்டு வேலைக்கு இரண்டு பட்டன் வைத்துவிடுவதுதான் சரி. திரையில் இடமில்லை என்று சொல்வார்கள். பத்தில் ஒன்பது இடங்களில் இடம் இருக்கும், தேட வேண்டும்.

இந்த முறையில் வரும் இரண்டு பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். பல பட்டன்களுக்கு ஒரே ‘காத்திருப்பு’ வேரியபிளை வைத்தால், ஒரு பட்டனைத் தட்டி உடனே பக்கத்துப் பட்டனைத் தட்டும்போது அது டபுள் கிளிக் ஆகிவிடும். ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாக வையுங்கள். இரண்டாவது, டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜன்னலை மூடிவிட்டால், இல்லாத பட்டனைத் தேடிப்போய் பிழை கொடுக்கும். ஜன்னல் மூடும் இடத்தில் காத்திருப்பை ரத்து செய்துவிடுங்கள்.

மவுஸிலேயே கோளாறு இருந்தால்

சில சமயம் யாரும் இரண்டு தட்டுத் தட்டியிருக்கமாட்டார்கள். மவுஸுக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச் தேய்ந்துபோனால், ஓர் அழுத்தலிலேயே அதன் தகடு துள்ளி இரண்டு கிளிக் அனுப்பும். மனிதக் கை தட்டும் இடைவெளியைவிட இது மிகமிகக் குறுகியதாக இருக்கும். நீங்கள் எழுதிய சோதனை ஜன்னலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரத்தையும் மில்லி விநாடியில் அச்சிட்டுப் பாருங்கள். இரண்டு கிளிக்குக்கு நடுவே 20, 30 என்று வந்தால் விரலைக் குறை சொல்ல வேண்டாம், மவுஸை மாற்றச் சொல்லுங்கள். மேலே சொன்ன முடக்கும் முறை இதிலிருந்தும் காப்பாற்றும்.

என்டர் கீயையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சில கருவிகளில் பட்டன் மேல் ஃபோகஸ் இருக்கும்போது என்டரை அழுத்திப் பிடித்தால் கிளிக் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். டிகிண்டர் பட்டன் இயல்பாக என்டருக்கு இயங்காது, ஸ்பேஸுக்கு மட்டும்தான். நீங்களே என்டரை பைண்ட் செய்தால் ‘வேலை நடக்கிறதா’ என்ற கேள்வி அந்த வழியிலும் இருக்க வேண்டும். பட்டனை முடக்கியதோடு நிற்காமல் தனியாக ஒரு வேரியபிளும் வைத்ததற்கு இதுதான் காரணம்.

கொடுப்பதற்கு முன்

முடித்த புரோகிராமை நான் இப்போது இப்படிச் சோதிக்கிறேன். எல்லாப் பட்டனையும் டபுள் கிளிக் செய்வேன், பிறகு நான்கு தடவை வேகமாகத் தட்டுவேன். விண்டோஸில் நான்கு வேகத் தட்டு இரண்டு டபுள் கிளிக்காக வரும், அங்கேதான் சில பிழைகள் ஒளிந்திருக்கும். டபுள் கிளிக் வேக ஸ்லைடரைக் கடைசிவரை மெதுவாக்கி ஒரு தடவை, வேகமாக்கி ஒரு தடவை. பிரின்டரை நிறுத்தி வைத்து ஒரு தடவை, ஏனென்றால் வேலை பாதியில் பிழையானால் பட்டன் திறக்காமலேயே நின்றுவிடக் கூடாது. ‘மறுபடி திற’வைக் கூப்பிடும் வரியை, பிழை வந்தாலும் ஓடும் ‘ஃபைனலி’ பகுதிக்குள் வைக்க வேண்டும் என்பதை இந்தச் சோதனையில்தான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் கடைக்கே எடுத்துப்போய், யார் உட்காரப் போகிறார்களோ அவர்கள் கையில் மவுஸைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பின்னால் நிற்பேன். ஆச்சி இன்றைக்கும் ‘பில் போடு’வை இரண்டு தட்டுத்தான் தட்டுகிறார்கள். சீட்டு ஒன்று வருகிறது.